கதிரை

வானுக்கு இருபத்திரண்டாயிரம்.
சோத்துப் பார்சல் பதினைந்து, வான்காரப் பொடியனுக்கும் சேர்த்து.
தண்ணீர்ப் போத்தல் இரண்டு பெட்டி.
சங்கத்தின் பொருளாளர் நான் என்பதால்
ராசா மாளிகைக்கும் கணக்குக் கொப்பியோடுதான் போனேன்.

தம்பிலுவிலில் ஆறரைக்கு என்று சொன்னது
ஏழே முக்காலுக்கு வெளிக்கிட்டது.
கோமாரி தாண்டுமுன் பொடியன்
பெயர்ப்பட்டியலை வாங்கி வாசித்துச் சிரித்தான்:
பூபதிராணி, தவராணி, நேசராணி.
"மூணு ராணியை ஏத்திக்கிட்டா
ராசா வீடு பார்க்கப் போறம்?"

பொத்துவிலில் கிறுகி
லகுகலக் காட்டுக்குள் செம்மண் பாதை.
மின்வேலி. ஓரத்தில் யானை லத்தி,
இன்னும் சூடு ஆறாதது.
மறுகா ஒரு வெட்டை.
வெட்டை முழுக்கக் கல்.

கூரை இல்லை. கதவு இல்லை.
செங்கல் வரிசை எதுவும்
முழங்காலுக்கு மேல் எழவில்லை.
"இவ்வளவுதானா கா?" என்றாள் தவராணி,
இதற்கென்றே சீட்டுக் காசில் சேலை எடுத்தவள்.

பலகையில் மூன்று மொழி.
நம் மொழியில் அரசி இருக்கவேண்டிய இடத்திலெல்லாம்
அரிசி இருந்தது.
அரிசியின் படுக்கையறை.
அரிசி நீராடிய தடாகம்.
அரிசி தோழியரோடு உலாவிய முற்றம்.
ஒரு கிலோ என்ன விலை என்று
நித்திரையிலும் சொல்லக்கூடிய பதினாலு பேர்
வெயிலில் நின்று வயிறு நோகச் சிரித்தோம்.
யாரோ ஒருத்தி விலையைச் சொல்லியும் விட்டாள்.
சிரிப்பு அதோடு நின்றது.

நேசராணி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு
அடிமேல் அடி வைத்து
படுக்கையறையை அளந்துகொண்டிருந்தாள்.
நீளம் பதினாலு. அகலம் பதினொன்று.
"என்ர சுனாமி வீட்டு முன்னறை
இதைவிடப் பெரிசு" என்றாள்.
அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய நாளும்
அவள் இப்படித்தான் அளந்தாள்,
நான் பக்கத்தில் நின்றேன்.
ஒருத்திக்கு இது கூடத்தான் என்று
அன்றைக்கும் யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

பூபதிராணிக்கு முழங்கால்.
பூவும் யானையும் செதுக்கிய வாசற்படியில்
கையூன்றி மெல்லக் குந்தினாள்.
எங்கிருந்தோ விசில்.
காவல்காரன், மீசை சரியாக முளைக்காதவன்,
அவன் சட்டைக்குள் இன்னொருவன் புகலாம்:
"அம்மே, எதன வாடிவென்ட எப்பா!"
சிங்களம் அவளுக்கு விளங்காது;
விசில் விளங்கும்.
எழும்பினாள். எழும்ப எடுத்த நேரத்தை
அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு டிக்கட் கொட்டிலுக்குள் போய்
தன் கதிரையைத் தூக்கிவந்தான்.
சிவப்பு பிளாஸ்டிக், ஒரு காலுக்குக் கம்பிக் கட்டு.
சபை மண்டபம் என்று பலகை சொன்ன
புல்வெளியின் நட்டநடுவில் வைத்து
கைக்குட்டையால் ஒருதரம் தட்டினான்.
அவள் உட்கார்ந்தாள்.
கால்களை நீட்டினாள்.
சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.
"நம மொகத?" என்று கேட்டான்.
அதுவும் எப்படியோ விளங்கி
"ராணி" என்றாள் பூபதி.
"ரெஜின?" என்றான் அவன்,
எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து.
ஓமோம், அதேதான் என்றோம்.
இந்த முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

பார்சல் அவிழ்த்துத் தின்றோம்.
பொடியன் தன் மீன் பொரியலில் பாதியை
காவல்காரனுக்குக் கொடுத்தான்.
நாலரை மட்டும் பாலை மரத்தில் சாய்ந்தபடி
நின்றேதான் இருந்தான் அவன்.
நாலரைக்குக் காட்டுப் பக்கம் கையை நீட்டி
"அலியா" என்றான், மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினான்.
அலியன்கள் இறங்கும் நேரம்.
அதற்குப் பிறகு இந்த மாளிகையில்
ராசா யார் என்பதில் வழக்கில்லை.

இரவு, கணக்கு எழுதக் குந்தினேன்.
வான், பார்சல், தண்ணீர், நுழைவுச் சீட்டு,
திருக்கோவிலில் டயருக்குக் காற்று.
எல்லாம் சரியாக வந்தது.
ஆனாலும் கொப்பியை மூட மனம் வரவில்லை.
கடைசி வரியில்
'கதிரை, ஒன்று' என்று எழுதினேன்.
தொகைப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.
அடுத்த கூட்டத்தில்
தவராணி கட்டாயம் கேட்பாள்.